டாங்கித் தண்ணீரும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். அவர் நல்லவர்தான். ஆனாலும் தங்கையாகிய எனக்கு அவர் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

அண்ணன் குச்சனூரில் பிறந்தார். அவருக்கு மீசை முளைக்கும் முன்பே அப்பா தவறிவிட்டார். எனக்கு அப்பாவும் அவரே ஆனார். வயல் வருமானம் போதாமல், மேகமலையில் ஓர் எஸ்டேட்டுக்கு ரோடு வெட்டும் வேலைக்குப் போனார். பாறையைத் துளைக்கும் டிரில்களுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் அவர் பொறுப்பு. மலைக்குளிரில் அதன் காற்று டாங்கியில் தண்ணீர் கட்டும். சாயங்காலம் எஞ்சினை நிறுத்தியதும் அடித் திருகைத் திறந்து வடிக்காவிட்டால், மறுநாள் அந்த ஈரம் டிரில்லுக்குள் போய், அழுத்தக் காற்று விரியும் குளிர்ச்சியில் பனிக்கட்டியாக அடைத்துக்கொள்ளும். டிரில் ஓடாத நாளில் ஆட்களுக்குக் கூலி கிடையாது.

அதற்காக? என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார வேண்டும். எனக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். முதல் நாளே வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவர் டாங்கியை வடித்து முடிப்பதற்குள் கீழே இறங்கும் லாரி போய்விட்டது. விடிந்த பிறகு நடந்தே இறங்கினார். இங்கே ஆசாரி ஊசியோடு காத்திருந்தார்; நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

"ஏத்தா, ஒங்க அண்ணனுக்கு மருமக பெருசா, மெசினு பெருசா?" என்று மாமியார் எல்லார் முன்னாலும் கேட்டார். கடைசியில் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினார்கள். அண்ணன் கம்மலோடு வந்து நின்றபோது பந்தி நடந்துகொண்டிருந்தது.

"அந்தத் திருகத் தொறக்க அங்கன வேற ஆளே இல்லையாண்ணே?" என்று கத்தினேன்.

"எத்தன தடவ சொல்லிக் குடுத்தாலும் தலைய ஆட்டுறாக, மறந்துர்றாக ஆத்தா" என்றார்.

பொங்கலுக்கும் பிந்தி வந்தார். அம்மா கண் மூடியபோதும் பிந்தித்தான் வந்தார்.

போன மார்கழியில் மார்ச்சளி முற்றி இறங்கி வந்தவர், பிறகு எழவே இல்லை. மருந்து கொடுத்த வைத்தியருக்கும், கேட்ட நேரமெல்லாம் வண்டி பூட்டித் தந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அவரை எடுத்த அன்று தோள் கொடுக்க வேண்டிய எஸ்டேட் ஆட்கள் மட்டும் வந்து சேரவில்லை. பொழுது சாய்கிறது, எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். ஒருவழியாக வந்தார்கள், கையெல்லாம் எண்ணெயாக.

"ஏன் இம்புட்டு நேரம்?" என்றேன்.

"தண்ணிய வடிச்சு, குழாயெல்லாம் ஊதிவிட்டு வந்தோம் ஆத்தா. இல்லேன்னா அண்ணே ஏசுவாக" என்றார் அவர்களில் மூத்தவர்.

அவர்களுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும், அண்ணனைச் சுமந்தவர்கள். ஆனால் ஐயா, மறக்காமல் திருகைத் திறக்க உங்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. என் மகளின் காதுகுத்துக்கு முதல் நாள் அதைச் செய்து, அண்ணனை அந்த லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கக் கூடாதா?