புகைக்காகப் போட்ட துளை

ஓட்டம் தொடக்குபவர் தூரத்துக்கும் தெரியப் போடும் செம்மஞ்சள் உறையை வலது கையில் தோள்வரை இழுத்துவிட்டு, விரலை நாக்கில் தொட்டுக் காற்றுப் பார்க்கிறார் சற்குணம். ஏழு வயதுக் குழந்தைகளின் ஐம்பது மீற்றர் ஓட்டத்துக்குக் காற்று எதற்கு என்று கேட்டால், "ஓட்டம் எண்டா ஓட்டம்தானே. அதிலை என்ன சின்னன் பெரிசு?" என்பார். ஒரு பிள்ளையின் பெருவிரல் கோட்டைத் தாண்டியிருந்தாலும் எல்லோரையும் எழுப்பிவிடுவார். படம் எடுக்கக் கோட்டுக்குள் வரும் பெற்றோரை அவர் விரட்டுகிற வேகத்துக்கு அவருக்கே ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் குடியிருக்கும் சற்குணத்துக்கு ஐம்பத்தொரு வயது. வாரநாள்களில் அம்மருட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளர். குழாய், பூட்டு, பனி வழித்தல் எல்லாம் அவர் பொறுப்பு. கோடையில் ஒஸ்லோத் தமிழர் விளையாட்டுப் போட்டி வைத்தால் ஓட்டத்தைத் தொடக்குவது அவர்தான்.

போட்டி வைக்கும் கழகத்தின் ஓட்டத் துவக்கு அவர் வீட்டில் இருந்தது. வெற்றுத் தோட்டா போட்டுச் சத்தம் மட்டும் எழுப்புவது. குழலின் வாயை உருக்கால் அடைத்திருப்பார்கள். புகை பக்கவாட்டில் கொஞ்சமாகக் கசியும். முடிவுக் கோட்டில் நேரம் எடுப்பவர்கள் சத்தத்தை நம்புவதில்லை, நூறு மீற்றர் கடந்து வருவதற்குள் அது பிந்திவிடும். புகையைக் கண்டுதான் கடிகாரத்தை அழுத்துவார்கள். 2005ஆம் ஆண்டுப் போட்டியில் அவர்கள் நாள் முழுக்க, "புகை தெரியேல்லை அண்ணை!" என்று கத்தினார்கள். சற்குணத்துக்குப் பொறுக்கவில்லை. கடைசல் வேலை செய்யும் நண்பர் அருளானந்தனிடம் கொண்டுபோய் அடைப்பைத் துளைத்து எடுப்பித்தார். அடுத்த கோடையில் புகை முகில்போல எழுந்தது. நேரம் எடுப்பவர்கள் கைதட்டினார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில், பள்ளிக்கூடத்து உணவறையில் பத்திரிகை விரித்தவர் பாதிப் பாணோடு நிறுத்திவிட்டார். சத்தத் துவக்குகளின் அடைப்பை எடுத்து உண்மைத் துவக்காக மாற்றுகிறார்களாம். பொலிஸ் தேடிப் பிடிக்கிறதாம். அவருடைய குடியுரிமை விண்ணப்பம் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. வழக்கு விழுந்தால் அது எத்தனை வருடம் பின்னால் போகுமோ.

"அல்னா ஆத்துக்கை எறிஞ்சிட்டு வாங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் மனைவி சிறிதேவி.

"எனக்குத் தெரியுமே."

"உங்களுக்குத் தெரிஞ்சாப் பரவாயில்லை. பொலிசுக்குத் தெரியாட்டிச் சரி. பாஸ்போட் வாற நேரத்திலை துவக்கோடை பொலிசுக்குப் போற விசரன் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்."

பற்றரி வைத்திருந்தாலே குண்டுக்கோ என்று ஆமி சந்தேகப்படும் ஊரிலிருந்து வந்தவருக்கு அந்தப் பயம் புரியாமல் இல்லை. ஆனாலும் முதலில் பொலிசுக்குத் தொலைபேசியில் விவரம் சொல்லிவிட்டு, பூட்டிய பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நரைத்த தலை அதிகாரி குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அடைப்பு இல்லை, ஆகவே ஆயுதம் என்றார். பக்கத்திலிருந்த, பொலிசிலேயே வேலை செய்யும் இளம் சட்டத்தரணி ஒப்புக்கொள்ளவில்லை. உண்மைத் தோட்டா இதில் ஏறவே ஏறாதே, பிறகெப்படி ஆயுதமாகும்? இன்றைக்கு ஏறாது, நாளைக்கு இன்னொருவன் தோட்டா போடும் அறையையும் கடைந்தால் என்றார் அதிகாரி. நாளைக்கு எவனோ செய்வதற்கு இந்த மனிதரைத் தண்டிப்பதா? அரை மணி நேரம் அவர்கள் வாதாடினார்கள். சற்குணத்துக்கு அது பிடித்திருந்தது. தன்னை வைத்துக்கொண்டு, தன்னை அடிக்காமல், சட்டம் சரியா என்று இரண்டு அதிகாரிகள் சண்டை பிடிப்பதை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். இது சலுகை அல்ல, எந்த நாட்டிலும் எந்த மனிதனுக்கும் சேரவேண்டிய சாதாரண நியாயம். அதைக் கண்டு ஒருவர் வியக்க வேண்டியிருந்ததுதான் வெட்கக்கேடு.

கடைசியில் சட்டத்தரணி, "யார் துளைத்தது?" என்று கேட்டார்.

"துளைச்சது ஒரு கை. துளைக்கச் சொன்னது என்ரை வாய். கை பாவம், வாயை எழுதுங்கோ." வீட்டுக்கு வந்து சிறிதேவியிடம் அவர் சொன்னபடி இது. நோர்வேஜிய மொழியில் என்ன சொன்னாரோ தெரியாது. சட்டத்தரணி சிரித்தாராம், அதிகாரி சிரிக்கவில்லையாம்.

பதினொரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. துவக்கு அழிக்கப்படும்; தாமாகவே கொண்டுவந்ததால் வழக்கு இல்லை; ஆனால் அடைப்பை அகற்றியது சட்டமீறல். சற்குணம் கடைசி வரியை இரண்டு முறை வாசித்தார். பிறகு கடிதத்தைப் படியெடுத்து, அடியில் தமிழிலும் எழுதினார்: "மற்றக் கழகங்களுக்கு: புகை காணாது எண்டு ஒருத்தரும் துளைக்காதேங்கோ. நான் துளைப்பிச்சனான்."

சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளி நடக்கும் மண்டபத்தின் அறிவித்தல் பலகை முன்னால் நின்றார்.

"ஊர் முழுக்க வாசிக்கப் போகுது. பேரையாவது மறையுங்கோவன்," என்று சிறிதேவி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மறைச்சா ஆரெண்டு ஆராய்ஞ்சே நேரம் போயிடும். விசயத்தை வாசிக்க மாட்டினம்."

நாலு மூலையிலும் ஊசி குத்திவிட்டு, இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். பிறகு திரும்பிப் போய், ஊசிகளைக் கழற்றி, கடிதத்தைப் பிள்ளைகளும் வாசிக்கும் உயரத்துக்கு இறக்கிக் குத்தினார்.