பாட்டு எனக்கு, பாஷை அவளுக்கு

திண்டிவனத்தில் கல்லூரி முதலாண்டு படிக்கும்போது எனக்குக் கொரியப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. பிரவுசிங் சென்டரில் ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்பப் போனவள், பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஏழெட்டுப் பையன்கள் கொஞ்சமும் பிசகாமல் ஆடிக்கொண்டே பாடுவதைப் பார்த்தேன். யார் என்று கேட்டு அங்கேயே பெயரை எழுதிக்கொண்டேன். அதன் பிறகு வாரம் தவறாமல் போய்ப் பாட்டுகளை மெமரி கார்டில் ஏற்றி வந்தேன். ஒவ்வொன்றையும் நூறு தடவை கேட்டு, வார்த்தைகளை விலங்கியல் நோட்டின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தேன். அர்த்தம் ஒன்றும் தெரியாது. வகுப்பில் என்னைச் சைனாக்காரி என்று கூப்பிட்டார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். எங்கள் தெருவில் யாருக்கும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது.

இரண்டாம் ஆண்டில் என் பெஞ்சுக்கு ஒருத்தி வந்து சேர்ந்தாள். புதுச்சேரிப் பக்கம் குயிலாப்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். ஒரு மதியம் நான் நோட்டைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவள் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அது அப்படி இல்லடி. கடைசி எழுத்த முழுங்கிடணும்."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவளுடைய அம்மா ஆரோவில்லில் ஒரு கொரிய அம்மாள் வீட்டில் வேலை செய்கிறாராம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் இவளும் அங்கேதான் போய் இருப்பாளாம். அப்படியே பேச்சு வந்துவிட்டதாம். அந்த அம்மாளைச் சித்தி என்று அவர்கள் பாஷையிலேயே கூப்பிடுவாளாம். பாட்டு கேட்பாயா என்றால், அது ஒரே கூச்சல் என்று முகத்தைச் சுளித்தாள்.

அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். வேண்டும் என்று தவம் கிடந்தவளுக்கு ஒன்றும் இல்லை. வேண்டாம் என்பவளுக்கு ஒரு கொரியச் சித்தியே இருக்கிறாள். ஆனாலும் அவளை விடவில்லை. ஒரு தடவை கூட்டிப்போ, கூட்டிப்போ என்று நச்சரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மொரட்டாண்டியில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவள் மொபெட்டோடு காத்திருந்தாள்.

கொரிய அம்மாள் வீட்டுச் சமையலறையில் அவள் அம்மா முழங்கை வரை மிளகாய் விழுதோடு முட்டைக்கோஸைப் பிசைந்துகொண்டிருந்தார். "வாம்மா, கையெல்லாம் காரம், ஒக்காரு," என்றார். கொரிய அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த கிராப்பு, கசங்கிய பருத்திச் சட்டை. நான் இரண்டு வாரமாக மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தை எழுந்து நின்று ஒப்பித்தேன். கொரியப் பாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும் என்பது அதன் பொருள்.

அவர் புன்னகையோடு என் தோழியைப் பார்த்தார். நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. அதே வாக்கியத்தை அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள். அந்த அம்மாள் ஆவென்று வாய்விட்டுச் சிரித்து, அவள் கன்னத்தைத் தட்டினார். பாராட்டுகூட அவளுக்குத்தான் போயிற்று.

என் நோட்டை அவரால் படிக்க முடியவில்லை, தமிழ் எழுத்தாயிற்றே. அவள் படிக்க, அவர் திருத்த, அவள் எனக்கு அர்த்தம் சொன்னாள். காத்திருந்தேன், நீ வரவில்லை என்பதைத்தான் பாட்டில் நான்கு நிமிடமாக இழுத்திருந்தார்கள். அந்தப் பாடகர்களை அவருக்குத் தெரியவே தெரியாது. மதியம் சோறும், அந்தக் காரமான கோஸும் போட்டார்கள். கண்ணில் நீர் வர, இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு, கொரியாக்கார அம்மா எப்படி என்று கேட்டார்கள். இவள் எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"அவங்கம்மா அங்க பாத்திரம் தேய்க்கிறாங்கடி. அதான் இவளுக்கு அந்தப் பாஷ."

அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நேராக வந்து உட்கார்ந்தாள், பாடம் முழுவதும் எழுதினாள். மணி அடித்த பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா பாத்திரமும் தேய்க்கும், சமைக்கவும் செய்யும். நேத்து ரெண்டு வாட்டி வாங்கித் துன்னியே, அது எங்கம்மா செஞ்சதுதான்."

மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க மூன்றாண்டுப் படிப்பு முடியும்வரை நாளிருந்தது. கேட்கவில்லை. எனக்கு அவமானத்தைவிடப் பொறாமைதான் பெரிதாக இருந்தது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கன்னத்தைத் தட்டிய கைதான் கண்ணில் வந்தது.

நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். கொரியப் பாட்டு கேட்பதை விடவில்லை. சில வருடங்கள் கழித்து ஃபேஸ்புக்கில் அவள் முகம் வந்தது. சென்னைப் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். சியோல் நகரத் தெருவில் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும் படம். அதை அரைமணி நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு நாள் யோசித்து, அன்றைக்கு நான் பேசியது தப்பு, உன் அம்மாவிடமும் சொல் என்று எழுதி அனுப்பினேன்.

அன்று சாயங்காலமே போன் செய்தாள். குரலில் கோபம் இல்லை. அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லையாம், மூட்டு வலியாம். நான் சொன்னதை அம்மாவிடம் அவள் அப்போதே மறைத்துவிட்டாளாம். இப்போது போய் எதற்குச் சொல்வது என்றாள். பிறகு, இன்னும் பாட்டெல்லாம் கேட்கிறாயா என்று விசாரித்தாள். கேட்கிறேன் என்றேன்.

"போன தபா சியோல் போனப்ப கம்பெனில டிக்கெட் குடுத்தாங்கடி, உன் ஆளுங்க கச்சேரிக்கு. காது கிழியுது. பாதியிலயே எழுந்து ரூமுக்கு வந்துட்டேன்."

லைன் கட்டாகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை, சொல்லு என்றேன். எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டேன். முன்னாலிருந்து நான்காவதோ ஐந்தாவதோ, சரியாக ஞாபகம் இல்லை என்றாள்.