கைக்கு மேலே நாலு அங்குலம்

ஆர்ச்சி பெட்ரி ஊரைவிட்டுப் போனது 2016 ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, காலை பத்தரை மணி பேருந்தில். கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி இன்வர்லோவின் கடைத்தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. டூகல் ரெனி தன் ரொட்டிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்ச்சியின் கையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. கோல்ஃப் பை இல்லை.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன்," என்றாள் அவன் மனைவி ஐலீன். "ஆஸ்திரேலியாவுக்குப் போறாரு, அடுத்த தெருவுக்கா?"

"கடையில ஆள் இருக்கு."

"யாரு, மிசஸ் டஃபா? ஒரு ரொட்டி எடுக்க அவளுக்கு அரைமணி நேரம் ஆகும். நீ போ."

"எனக்குக் காது கேக்குது ஐலீன்," என்றாள் மிசஸ் டஃப். "ஆனா சொன்னது சரிதான். போ டூகல்."

சூட்டோடு ஆறு ரொட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான். ஆர்ச்சி அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாவு படிந்த கையால் ஜன்னலைத் தட்டினான். ஆர்ச்சி பார்த்தார், பிறகு முன் இருக்கையின் முதுகைப் பார்க்க ஆரம்பித்தார். வண்டி கிளம்பியது. ரொட்டிப் பை கையிலேயே இருந்தது.

இருபத்திரண்டு வருடம் இரண்டு பேரும் ஒரே பந்தை ஆடியவர்கள். அந்த ஊர் ஜோடி ஆட்டம் அப்படித்தான்: ஒரு அடி இவன், அடுத்தது அவர். நீ பந்தைப் புதரில் போட்டால் உன் ஜோடி போய்ப் பொறுக்க வேண்டும். அவர் பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் நீ அதை உள்ளே தள்ளித்தான் ஆக வேண்டும். டூகலால் முடியாமல் போனது அதுதான்.

முப்பத்தைந்து வயதில் ஆரம்பித்தது. இருநூறு கெஜம் அடிப்பான், காற்றுக்குள் பந்தை வளைப்பான். மூன்றடி தூரத்தில் உருட்டு மட்டையோடு நின்றால் மட்டும் வலது மணிக்கட்டு தானாகத் துள்ளும். அதற்கு ஒரு பெயர் உண்டு. கோல்ஃப் ஆடுகிறவர்கள் அதை வாயால் சொல்வதில்லை, ஒட்டிக்கொள்ளும் என்று பயம். "அது வந்திருக்கு அவனுக்கு" என்பார்கள். விடிவதற்குள் எண்ணூறு ரொட்டியை ஒரே அளவாக உருட்டும் அதே கை! டூகல் நின்றால் பக்கத்திலிருப்பவர்கள் மரியாதையாகக் கடலைப் பார்ப்பார்கள். அந்த மரியாதைதான் அவனைக் கொன்றது.

பிறகு நீளக் கைப்பிடி மட்டை ஒன்று வந்தது. நுனியை வயிற்றில் ஊன்றிக்கொள்ளலாம். வயிறு கீல், மட்டை கதவு. ஆறு வருடம் நிம்மதியாக ஆடினான். 2016 புத்தாண்டிலிருந்து மட்டையை உடம்பில் ஊன்றக் கூடாது என்று விதி வந்துவிட்டது.

கிளப் கடை ஃபின்லேதான் புதிய மட்டையைக் காட்டினான். "சுத்தியலை அடியில பிடிச்சா தலை ஆடும் இல்லையா? அதே சுத்தியலோட வால்ல ஒரு இரும்பைக் கட்டிப் பாரு. சின்ன வெட்டுக்கு அசையாது, தோளே வந்து இழுக்கணும். இதுவும் அப்படித்தான். தலையும் கனம், மேல் நுனிக்குள்ளயும் கனம். நுனியிலிருந்து நாலு அங்குலம் கீழ பிடி. மிச்சம் சும்மா காத்துல நிக்கும்."

"எனக்கு உதவுமா?"

"சிலருக்குக் கை அடங்குது. சிலருக்கு இருபதடிக்கு மேல தூரமே பிடிபடாமப் போகுது, பந்து அந்தப் பக்கம் ஓடிடுது. சிலருக்கு ஒண்ணுமே ஆகல, பர்ஸ் மட்டும் இளைச்சுது. சத்தியமா தெரியாது டூகல். விக்கிறவன் சொல்றேன்."

உதவியது. நீண்ட உருட்டல்கள் தாறுமாறாகத்தான் போயின. ஆனால் மூன்றடி, நான்கடி எல்லாம் பொத்துப் பொத்தென்று விழுந்தன. மே மாதம் கிளப்பின் ஜோடிக் கோப்பைக்கான முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஜூனில் இரண்டு, ஜூலையில் ஒன்று. வீட்டில் கெட்டில் கொதிக்கும் நேரத்தில் டூகல் விசிலடிப்பதை ஐலீன் பதினாறு வருடம் கழித்துக் கேட்டாள். எதுவும் ஊன்றாமல், தன் சொந்தக் கையால் போடுகிறோம் என்பதுதான் அவனுக்குக் கோப்பையைவிடப் பெரிதாக இருந்தது.

ஆர்ச்சிக்குக் கோப்பைதான் பெரிது. கோப்பை ஜெயித்தவர்களைப் பொறித்துக் கிளப் சுவரில் மாட்டிய பலகையில் அவர் அப்பா பெயர் இருந்தது, தாத்தா பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. மனைவி இறந்தபிறகு பெர்த்திலிருக்கும் மகளிடம் போய்விட முடிவு செய்து, இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் தள்ளி டிக்கெட் எடுத்திருந்தார்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம், எதிரே மில்ன் சகோதரர்கள். பதினெட்டில் பதினாறு குழி முடிந்து சரிசமம். பதினேழாவதில் ஆர்ச்சி பந்தைக் கொண்டுவந்து குழிக்கு மூன்றடியில் நிறுத்தினார். விழுந்தால் ஒரு குழி முன்னிலை. வேறு எதிராளிகளாக இருந்தால், அடிக்காமலே விழுந்ததாக வைத்து "எடுத்துக்கோ" என்று விட்டிருப்பார்கள்.

"போடு, பாப்போம்," என்றான் மூத்த மில்ன். "உன் புது இரும்பு என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

டூகல் குனிந்தான். பந்து உருண்டது, விழுந்தது. நாலைந்து பேர் கைதட்டினார்கள். ஆர்ச்சி அடுத்த குழியை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

டூகல் நகரவில்லை. தொப்புளுக்கு மேலே ஸ்வெட்டரில் வட்டமாக ஒரு அழுத்தம் இன்னும் இருந்தது.

"இந்தக் குழி உங்களுக்குத்தான்," என்றான் மில்ன்களிடம். "நுனியை வயித்துல ஊன்றிட்டேன்."

"யாரு பாத்தா?" ஆர்ச்சி திரும்பி வந்தார். "தம்பிகளா, நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல," என்றான் மூத்த மில்ன். "ஸ்வெட்டர் உரசியிருக்கும் டூகல், அதெல்லாம் கணக்கில்ல. வேணும்னே ஊன்றினாத்தான் தப்பு."

"வேணும்னேதான்." சொல்லும்போதே அவனுக்கு நிச்சயமில்லை. கை செய்தது, கை அவனுடையது.

"எவனும் பாக்கல, எவனும் கேக்கல," ஆர்ச்சியின் குரல் தாழ்ந்திருந்தது. "எனக்கு இன்னொரு வருஷம் கிடையாதுடா."

"தெரியும் ஆர்ச்சி."

"தெரிஞ்சுதான் செய்யிற."

கடைசிக் குழி சமம். ஒரு குழியில் தோற்றார்கள். மில்ன்களுக்குக் கை கொடுத்த ஆர்ச்சி, டூகலுக்குக் கொடுக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஊரே டூகலைப் புகழ்ந்தது. ரொட்டி வாங்க வந்தவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கிளப் செயலாளர் ஆண்டு விருந்தில் அவன் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்தினார். ஆனால் அடுத்த வசந்தத்தில் ஜோடிப் பட்டியல் ஒட்டியபோது அவன் பெயருக்கு எதிரே யாரும் எழுதவில்லை. அடுத்த வருடமும் இல்லை. "நீ நல்லவன்டா, அதான் பயமா இருக்கு," என்று ஃபின்லே சிரித்துக்கொண்டே சொன்னான். டூகலும் சிரித்தான்.

ஆர்ச்சிக்கு மூன்று கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினான். பதில் வரவில்லை. தனியாக ஆடப் போனான். பிறகு மழை என்றான், முதுகு என்றான், போகவில்லை. மட்டை கொடியில் காயும் துண்டுகளுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது.

"இன்னும் அதையே நினைச்சுக்கிட்டிருக்கியா?" என்று ஒருநாள் ஐலீன் கேட்டாள்.

"ஒரு தடவைதான் ஐலீன்," என்றான். "அந்த ஒரே ஒரு தடவை. மே மாசத்துலேருந்து போட்டதெல்லாம் என் கைதான் போட்டுச்சு. அது போதும் எனக்கு."

அவனிடம் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும்.

2020 பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சூப் ஆறிக்கொண்டிருக்கும்போது அவன் ஃபோனில் செய்தி வந்தது. தெரியாத வெளிநாட்டு எண்.

"டூகல், ஆர்ச்சி பேசுறேன், மகள் டைப் பண்றா. உடம்பு சரியில்ல, நாள் அதிகம் இல்லங்கிறாங்க. உன் வாழ்த்தெல்லாம் வந்துச்சு. பதில் போட மூஞ்சி இல்ல. அன்னைக்கு நீ சொன்னது சரிதான், ஊன்றினது உண்மை. பதினேழாவதுல மட்டும் இல்லடா. மே மாசம் முதல் ஆட்டத்துலயே பாத்தேன். பந்து மூணடிக்குள்ள வந்தா போதும், அந்த நுனி மெதுவா உன் ஸ்வெட்டருக்குள்ள போயிடும். ஒவ்வொரு தடவையும். உனக்குத் தெரியலன்னு புரிஞ்சுது. பலகையில பேரு வேணும்னு வாயை மூடிக்கிட்டேன். நீ ஒத்துக்கிட்டப்போ எனக்கு வந்த கோபம் உன்மேல இல்ல. இதைச் சொல்லாமப் போக முடியல, மன்னிச்சிரு."