குடைமேல் உட்கார்ந்த கொக்கு

இன்று தில்லி ஓக்லாவில், யமுனைச் சதுப்பில், மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம் எருமைகளோடு எருமையாக இருந்தேன்.

காரணம் அப்பா. "காலேஜை விட்டாச்சு. போட்டோகிராபர்ங்கறே. இன்னிக்கு ஒரே ஒரு பறவையை உருப்படியா எடுத்துட்டு வா. இல்லேன்னா திங்கட்கிழமை டைப்ரைட்டிங் கிளாஸ்."

இரவல் கேமராவில் லென்ஸ் சின்னது. ஆள் கிட்டே போனால் கொக்கு பறந்துவிடுகிறது. எருமை முதுகில் மட்டும் ஜம்மென்று உட்காருகிறது. அதனால் நானும் இடுப்பளவு தண்ணீரில் எருமைகள் நடுவே இறங்கி, கறுப்புக் குடையை விரித்துப் பதுங்கினேன். பறந்த கொக்குகளையே எடுத்து எடுத்து, பிலிமில் மிச்சம் ஒரே ஒரு படம்.

கொக்கு வந்தது. என் குடைமேலேயே உட்கார்ந்தது!

தலைக்கு மேல் நகம் பிராண்டும் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் பறந்துவிடும்.

பக்கத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவரிடம் கேமராவை மெதுவாக நீட்டி, "அண்ணா, ஜல்தி! இந்தப் பட்டனை அமுக்குங்க" என்று இந்தியில் கெஞ்சினேன். குனிந்து அமுக்கினார். கொக்கு பறந்தது.

"கொக்கு நல்லா விழுந்துதா?"

"கொக்கா? நீ போட்டோ கேட்டியேன்னு உன் மூஞ்சியைத்தான் எடுத்தேன். சிரிச்சிருந்தா இன்னும் அச்சா இருந்திருக்கும்."

ரோலைக் கழுவக் கொடுத்துவிட்டேன். 'கொக்கு எங்கேடா?' என்று அப்பா கேட்டால், 'படத்துக்குக் கொஞ்சம் மேலே' என்று சொல்லப்போகிறேன்.

நம்புவாரா? இதை ஒட்டியிருக்கும் இந்த மெஸ் போர்டிலேயே கீழே பென்சிலால் எழுதுங்கள். மாட்டார் என்பவர்கள், சரோஜினி நகர் பக்கம் எந்த டைப்ரைட்டிங் கிளாஸில் மின்விசிறி சுற்றுகிறது என்றும் எழுதிவிடுங்கள்.