மாமா வரைந்த கூந்தல்

திருப்பதியில் என் தாய்மாமன் வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மொட்டைத் தலையோடுதான் வருவார்கள். மலையில் முடி கொடுத்துவிட்டு, கோபுரம் வரைந்த திரைக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். புது மொட்டையில் விளக்கு பட்டால் பளபளவென்று மின்னும். மாமா ஒவ்வொரு தலைக்கும் பவுடர் ஒத்தி, விளக்கைச் சற்றே தள்ளிவைத்து அதை அடக்குவார். நகரியில் நைனாவின் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு, கோடை விடுமுறையில் பார்த்த அந்த அமைதியான இருட்டறையும் வெள்ளைக் குடை மாட்டிய விளக்குகளும் இன்னொரு கோயிலாகவே தெரிந்தன.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். சித்தூரில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு புடவைக்கடையின் வாசலில் வைக்கப் பெரிய படம் எடுத்துத் தரும் வேலை மாமாவுக்குக் கிடைத்தது. மெட்ராஸிலிருந்து மாடல் வரப்போகிறாள் என்றதும் அத்தை பெருக்கிய வாசலையே மறுபடியும் பெருக்கினாள். கடை முதலாளி பல படங்களைப் பார்த்து, இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்கிய ஒருத்தியைத் தேர்ந்தெடுத்திருந்தார். கலியாணப் பட்டு, நீளப் பின்னல், பின்னல் முழுக்கப் பூ. அவர் கேட்டது அவ்வளவுதான். அவளுக்கும் அதுதான் முதல் பெரிய வாய்ப்பு.

அந்த அக்கா வந்தாள். நல்ல உயரமாக, சிரித்த முகமாக, சந்தனம் பூசிய புத்தம்புது மொட்டையோடு.

மாமா வழக்கமாக வருகிறவர்களில் ஒருத்தி என்று நினைத்து, கூட வந்தவர்கள் எங்கே என்று கேட்டார். தான்தான் மாடல் என்று அவள் சொன்னதும் கையிலிருந்த பவுடர் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

“சான்ஸ் கெடைச்சா முடி குடுக்கிறேன்னு வேண்டிக்கினு இருந்தேண்ணா. கெடைச்சிடுச்சு. திருப்பதிக்கே வந்துட்டு, சாமிய அப்புறமா பாத்துக்கலாம்னு இருக்க முடியுமா?”

“அது சரிம்மா. அந்த முடிக்காகத்தான உனக்கு சான்ஸே குடுத்தாங்க.”

அவள் முகம் அப்போதுதான் மாறியது. மெட்ராஸில் எல்லாவற்றுக்கும் டோப்பா வைத்திருப்பார்கள், இங்கேயும் இருக்கும் என்று நினைத்துவிட்டாளாம். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக முடி இறங்கிவரும் அந்த ஊரில் மாமா வெயிலில் அலைந்தும் ஒரு டோப்பா கிடைக்கவில்லை. அத்தை தன் சவுரியைக் கொண்டுவந்தாள். சவுரியை முடிந்துவிடவும் தலையில் கொஞ்சமாவது முடி வேண்டும் என்பது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நின்றபோதுதான் அத்தைக்கு உறைத்தது.

கடையிலிருந்து வந்திருந்த பட்டுப்புடவை மறுநாள் காலை திரும்பிப் போக வேண்டும். விஷயம் தெரிந்தால் முதலாளி வேறு பெண்ணைத் தேடுவார். அந்த அக்கா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டு, திருப்பி மட்டும் அனுப்பிவிடாதீர்கள் என்றாள்.

மாமா அவள் தலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கோபுரத் திரையைச் சுருட்டிவிட்டுக் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டார்.

“மொட்டைக்கு லைட் வைக்கிறதுதான எனக்குப் பொழப்பே. வந்து உக்காரும்மா.”

அன்று பார்த்ததை இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் தலைக்கு மைபோல எதையோ பூசி, மேலிருந்த விளக்கை அணைத்து, பக்கத்து விளக்கை மட்டும் தாழ்த்தினார். தலை போய்க் கறுப்புத் துணியோடு கலந்துவிட்டது. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைச் சாய்த்ததும், இருட்டிலிருந்து ஒரு முகம் மெல்ல எழுந்து வந்தது. அத்தை வாயில் கைவைத்துக்கொண்டாள். சற்றுமுன் அழுத முகம்தான் அது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

அவள் எழுந்ததும் என்னை அதே முக்காலியில் உட்காரச் சொன்னார் மாமா. எனக்கு அப்போது நல்ல நீளமான பின்னல். அதை முன்தோளில் எடுத்துப் போட்டு, அதே விளக்கில் என்னையும் படமெடுத்தார். முடியில் வெளிச்சம் எந்த இடத்தில் ஏறி எந்த இடத்தில் இறங்குகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

அவளுடைய படம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வந்ததும் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் என் படம். கையில் எறும்பின் கால் மாதிரி ஒரு தூரிகை. ஒவ்வொரு முடியாக இழுத்தார். வகிடு வந்தது, காதோரம் சுருள் வந்தது, பின்னல் தோள்வழியே இறங்கியது, அதில் மல்லிகை பூத்தது. அதோடு நிறுத்தவில்லை. தாடையிலிருந்த மச்சம் போனது. நெற்றித் தழும்பு போனது. கழுத்தெலும்பின் பள்ளம் நிரம்பியது. நான் மூச்சுவிடவும் பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மலைமேல் இருக்கிற சாமி ஒருநாளில் வாங்கிக்கொண்டதை எங்கள் மாமா ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். தீட்டி முடித்த படத்தை அவர் மறுபடி படமெடுத்து, ஆள் உயரத்துக்கும் மேலாகப் பெரிதாக்கிக் கொடுத்தார்.

தீபாவளிக்கு முன்பு, வாசலில் அந்தப் படத்தை வைத்துக் கடை திறந்ததும், மாமா என்னைச் சித்தூருக்குக் கூட்டிப்போனார். தகவல் தெரிந்து அந்த அக்காவும் வந்திருந்தாள். காது மறையாத அளவுக்குத்தான் முடி வளர்ந்திருந்தது. மாமா முதலாளியைப் பார்க்க உள்ளே போனதும், வாசலில் நின்றிருந்த கடை மேனேஜரிடம் அவள் தயங்கித் தயங்கி, அடுத்த படத்துக்கு மாடல் வேண்டுமா என்று கேட்டாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் படத்தைக் காட்டினார். “எங்களுக்கு இந்தப் பொண்ணு மாதிரி வேணும்மா. நீ மொதல்ல முடிய வளத்துக்கினு வா.”

அந்த அக்கா தலையை ஆட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரிலேயே நிற்கிற ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி மாமா வரைந்திருக்கிறாரே!

மேனேஜர் உள்ளே போனதும் அவள் என்னிடம் குனிந்தாள். “இதுல எதெல்லாம் உங்க மாமா போட்டது?”

முடி, பூ, கழுத்து, காணாமல்போன மச்சம், தழும்பு என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

“அப்ப நான் எங்க இருக்கேன் இதுல?”

படத்தை நன்றாகப் பார்த்து யோசித்தேன். “நீங்க உக்காந்துக்கினு இருந்தீங்களேக்கா” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு என் பின்னலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். மாமா வெளியே வரும்வரை அதை விடவேயில்லை. அதையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். மாமா சரியாக வரைந்திருக்கிறாரா என்று சோதிக்கிறாள்போல என்று நினைத்து, அவளுக்கு நன்றாகத் தெரியட்டுமென்று நான் வெயில் பக்கமாகத் திரும்பி நின்றேன்.