வத்சலா ஏற்றிய கற்பூரம்

வத்சலாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் முருங்கைக்காய் கொட்டிக் கிடக்கிறது என்று மாமியாருக்குக் கூசாமல் கடிதம் எழுதுகிறவள்தான். ஆனால் ஆய்வுக்கூடத்து எண் என்று வந்துவிட்டால் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது.

சென்னையில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். கணவர் கிருஷ்ணமூர்த்தியோடு ஜெர்மனிக்கு வந்து, பழங்காலக் கரித்துண்டுகளின் வயதைக் கணிக்கும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்தாள். கரியை எரித்து வாயுவாக்கி ஒரு கருவியில் அடைத்து, அதிலிருந்து வரும் கதிர்த்துடிப்புகளை இரண்டு நாள் எண்ண வேண்டும்; பழையது ஆக ஆகத் துடிப்பு குறையும். அந்தக் கருவிக்கோ தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். அதனால் 1973 ஆயுத பூஜையன்று, ஆளில்லாத நேரம் பார்த்து அதற்குக் குங்குமம் இட்டு, பீங்கான் கிண்ணத்தில் கற்பூரமும் ஏற்றிக் காட்டினாள். வாயு சிலிண்டர்கள் நிற்கிற அறையில்! அசட்டுத் துணிச்சல், வேறென்ன சொல்ல?

அந்த வாரம் எண்ணியது குவாத்தமாலாக் காட்டிலிருந்து வந்த கரி. அங்கே பழங்காலத்தில் வாழ்ந்த மாயர்கள் அளந்து போட்ட ஒரு சடங்கு மைதானம், மேற்கே ஒரு குன்று, கிழக்கே ஒரு நீள மேடை. மைதானத்துத் தரைக்கு அடியில் கிடைத்த கரி அது. முதலில் வீடுகள் வந்தன, ஊர் பெருத்த பிறகே மைதானம் வந்தது என்று தோண்டிய பேராசிரியர் எழுதியே வைத்துவிட்டார். வத்சலாவின் எண்ணோ, அங்கே கிடைத்த முதல் வீட்டைவிட மைதானம் நானூறு ஆண்டு மூத்தது என்றது.

"கோயிலைக் கட்டிட்டு அப்புறம் சுத்தி நாலு வீதி விடறதில்லையா? இதுல என்னன்னா ஆச்சரியம்?" என்று வீட்டில் கணவரிடம் குதித்தாள்.

பேராசிரியர் தொலைபேசியில் தாம்தூம் என்று குதித்தார். ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ப்ரூக்மன், கோளாறு எங்கே என்று கருவி அறையைக் குடைந்து, அவள் அவசரத்தில் கழுவாமல் ஒளித்திருந்த கிண்ணத்தை எடுத்துவிட்டார்.

"யாரோ மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார்கள். மெழுகு பெட்ரோலியம், துடிப்பே இல்லாத செத்த கார்பன். அது கலந்தால் வயது கூடத்தான் செய்யும். தேதியைக் குப்பையில் போடுங்கள்," என்றார். யார் ஏற்றியது என்றுகூடக் கேட்கவில்லை.

மறுபடி எண்ணிப் பார்க்க மிச்சக் கரியும் கிடையாது. வத்சலா உண்மையைச் சொன்னால், டிசம்பரில் முடிகிற அவள் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டால் தேதி போய்விடும்.

"பேசாம இரு வத்சு. மைதானம் போட்டவன் வந்து உன்னைக் கேக்கப் போறானா?" என்றார் கிருஷ்ணமூர்த்தி.

"கேக்கமாட்டான். அதான்னா மனசு கேக்கலை. அவாளுக்காகப் பேச அந்த ஒரு கரித்துண்டுதானே இருந்தது?"

மறுநாள் காலையில் ப்ரூக்மன் முன்னால் போய் நின்றாள். "டாக்டர், அது மெழுகு இல்லை, கற்பூரம். ஏற்றியது நான்தான். கற்பூரம் மரத்திலிருந்து வருவது, புது கார்பன். கலந்திருந்தால் வயது குறைந்திருக்குமே தவிரக் கூடியிருக்காது."

ப்ரூக்மன் சிலிண்டர்களைக் காட்டிக் காட்டி அரை மணி நேரம் அவளை வறுத்தெடுத்தார். பிறகு, "அந்தக் கற்பூரம் மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

சமையலறையிலிருந்த கற்பூர டப்பாவைக் கொண்டுவந்தாள். அதையே எரித்து எண்ணினார்கள். தொழிற்சாலையில் எதை வைத்துச் செய்தார்களோ, அதுவும் பெட்ரோலியமாக இருந்து தொலைத்தால்? இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, அது மரத்துச் சரக்குதான் என்று எண் வந்தது.

ப்ரூக்மன் அவள் கையில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தைத் திணித்துவிட்டு, பேராசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். "தேதி சரி. அப்படியே அச்சில் போடுங்கள்." அந்த முனையிலிருந்து கத்தல் அறை முழுக்கக் கேட்டது. நெருப்பு வைத்த பெண்ணை நம்பச் சொல்கிறீர்களா என்று கேட்டார் பேராசிரியர்.

"இந்த எண்ணுக்காக அந்தப் பெண் தன் வேலையையே கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்," என்றார் ப்ரூக்மன். "உங்கள் கருத்துக்காக நீங்கள் எதை வைக்கிறீர்கள்?"

பதிலுக்குக் காத்திராமல் தொலைபேசியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஏன் நிற்கிறீர்கள்? ஜனவரியில் வரப்போகிற கரிகளுக்குப் பட்டியல் போடுங்கள்."

ஜனவரியிலா! அப்படியானால் டிசம்பரோடு வேலை போகவில்லை. வத்சலாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.