பெயர் போட்ட கடிதம்

ஈப்போ புந்தோங்கில் எங்கள் வரிசை வீடுகளில் பட்டப்பகலிலும் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். துணி காயப்போட வாசலுக்குப் போனாலும் சாவி கையில் இருக்கும். கோயிலுக்குப் போகும் பெண்கள் தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளி ஊசி குத்திக்கொண்டு போகிறார்கள். இது ஊருக்கே உள்ள பயம், இதைப் பற்றிப் பேசி அலுத்துவிட்டது. என் பயம் வேறு. நடந்து போகும்போது பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்தால் என் கால் நின்றுவிடும். அது கடந்து போகிறவரை மூச்சு வராது. இத்தனைக்கும் பறித்துக்கொண்டு போக என் கழுத்தில் ஒன்றும் கிடையாது. அந்தச் சத்தம் கேட்டால் ஒரு பெண்ணின் முகம் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் ஈப்போவில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் வேலை பார்த்தேன். ஒய்.பி. என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மலாய் நன்றாக எழுதுவேன். குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் தமிழில் கேட்டு, மலாயில் கடிதமாக அடித்து, ஒய்.பி.யிடம் கையெழுத்து வாங்கி அனுப்புவது என் வேலை.

அவர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள். தீபாவளிக்கு வரும் பரிசுக் கூடைகளை அட்டையைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவார். ஒரு தடவை தெரியாமல் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்துவிட்டேன். அன்றைக்குச் சாயந்திரம் வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் இவ்வளவு தின்றான், இவன் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்சி மாறினான் என்று நாடு நாறிக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் ஆள் அப்படி இல்லை என்று மீன் கடையில் நின்றுகொண்டு முன்பின் தெரியாதவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

தஞ்சோங் ரம்புத்தானுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையோடு சேர்த்து நிலத்தையே வீடு கட்டும் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். தொழிலாளிகள் குடியிருந்த லயத்தில் பதினோரு குடும்பம் மட்டும் மிச்சம். மாற்று வீடு கொடுத்தால் போகிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. ஆளில்லாத நேரம் பார்த்துத் தண்ணீர்க் குழாயை வெட்டுவது, கூரையில் கல்லெறிவது, நாய்களுக்கு விஷம் வைப்பது. ஒருவர் துணிந்து பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போய் ரிப்போர்ட் செய்தார். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டு வாசலில் யாரோ வந்து சும்மா நின்றுவிட்டுப் போனார்கள். சும்மாதான். ஒரு வார்த்தை பேசவில்லை. அதோடு லயத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒருத்தி மட்டும் பார்த்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, தனியாக இருந்தாள். ஒரு காலத்தில் மரம் சீவியவள், அப்போது ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்த நாளில் குழாய் வெட்ட வந்தவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அதில் ஒருவனைக் கம்பெனியின் கொட்டகையில் முன்பே பார்த்திருக்கிறாள். ஒய்.பி.யும் நானும் லயத்துக்குப் போனபோது அவள் எங்களைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எல்லாத்தையும் சொல்றேன் ஐயா. ஆனா என் பேரு வெளிய வரக்கூடாது. முனியாண்டி முன்னுக்கு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணுங்க, சொல்றேன்."

ஒய்.பி. சிரித்தார். "எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லம்மா. என் வார்த்தைய நம்புங்க."

"வார்த்தைய நம்பி நம்பித்தானே ஐயா இந்த லயத்துல கெடக்குறோம்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போனேன். "நான் அடிக்கிறேன்லா. ஒய்.பி. வேற, நான் வேற இல்ல. நானும் தோட்டத்துப் புள்ளதான்."

தோட்டத்தில் ஒருவருக்காக இன்னொருவர் சூடம் அடிக்கிற வழக்கம் கிடையாது. யார் வாக்குக் கொடுக்கிறார்களோ அவர்கள் கைதான் நெருப்பின்மேல் படவேண்டும். வேலை மேற்பார்க்கும் மண்டோருக்குப் பதிலாக மண்டோர் பெண்டாட்டி வந்து அடித்தால் சபை ஏற்காது. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றாள். மரத்தடி முனியாண்டி கல்லில் சூடத்தைக் கொளுத்தி வைத்தாள். அவள் பெயர் வெளியே போகாது என்று சொல்லி நான் உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். அவள் திண்ணமாக ஒருமுறை தலையாட்டிவிட்டு, பார்த்ததையெல்லாம் சொன்னாள்.

மறுநாள் போலீசுக்குக் கடிதம் அடித்தேன். பெயர் வருகிற இடத்தில் 'லயவாசி ஒருவர்' என்று போட்டுக் கொண்டுபோனேன். ஒய்.பி. பேனாவைக் கையில் எடுத்தவர் வைத்துவிட்டார்.

"யாரு இந்த ஒருவர்?"

"சத்தியம் பண்ணியிருக்கேன் ஒய்.பி."

"மொட்டைக் கடுதாசி போட்டு அரசியல் பண்றவங்க இருக்காங்க அக்கா. நான் அந்த ஆளு இல்ல. பேரில்லாத கடிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். போட்டாலும் பாலாய்ல குப்பைக்குத்தான் போகும். அந்தம்மாவுக்கு நல்லது நடக்கணுமா, வேணாமா?"

அவர் இன்னொன்றும் சொன்னார். "கம்பெனிக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. அவங்க மேல புகார் சொல்றோம்னா அவங்களுக்குத் தெரியணும். முதுகுக்குப் பின்னால பேசுறது நம்ம வேலை இல்ல."

கேட்க எவ்வளவு நேர்மையாக இருக்கிறது பாருங்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அடித்த சூடம் ஞாபகம் வந்தது, ஆனால் மனசுக்குச் சமாதானம் சொல்லத் தெரியாதா என்ன. சத்தியம் பண்ணியது நான், கையெழுத்துப் போடுவது அவர். என் வாய் எதையும் வெளியே விடவில்லையே, நான் வெறும் டைப் அடிக்கிறவள்தானே என்று சொல்லிக்கொண்டேன். மாற்று வீட்டு மனுவுக்காக அவள் முன்பே எங்களிடம் கொடுத்திருந்த அடையாள அட்டை நகலைப் பார்த்து முழுப் பெயரை அடித்தேன், தகப்பன் பெயரோடு. வீட்டு நம்பரையும் அடித்தேன். உறைகளில் நானே முகவரி எழுதி, நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன். வழியில் இறங்கி ஒரு தே தாரேக் குடித்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது வாரம் காலையில் லயத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எங்களிடம் சாட்சி சொன்னவள் பஸ்ஸுக்காகச் செம்மண் ரோட்டில் நடந்து போயிருக்கிறாள். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்திருக்கிறது. ஹெல்மெட் போட்ட இரண்டு பேர். கட்டையால் அடித்ததில் தாடை உடைந்து, இடது கையும் உடைந்துவிட்டது. பையைத் தொடவில்லை.

"அடிக்கிறதுக்கு முன்னால முழுப் பேரச் சொல்லி, நீதானான்னு கேட்டானுங்களாம் அக்கா. அப்பா பேரோட."

தோட்டத்தில் யாரும் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. எல்லோரும் கூப்பிட்டது வேறு பெயர். அந்த முழுப் பெயர் அட்டையில் இருந்தது, அப்புறம் நான் அடித்த கடிதத்தில் இருந்தது.

ஒய்.பி.யிடம் சொன்னேன். வெளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். "நான் செஞ்சதுல தப்பு எங்க இருக்கு, சொல்லுங்க அக்கா" என்றார். நடிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடட்டுமா என்றார். புண்ணியமாப் போகும், அவள் பெயரை இனிமேல் எங்கேயும் எடுக்காதீர்கள் என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

மாதம் திரும்புவதற்குள் லயம் காலியாகிவிட்டது. யாரும் மாற்று வீடு கேட்கவில்லை. அடுத்த தேர்தலில் ஒய்.பி. மறுபடி ஜெயித்தார். கறைபடாத கை என்று பேசிக்கொண்டார்கள், அது பொய்யும் இல்லை. நான் வேலையை விட்டுவிட்டேன், மூட்டு வலி என்று காரணம் சொல்லி. இவ்வளவையும் நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அடிபட்ட மூன்றாம் நாள் அவளைப் பார்க்கப் போனேன். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். பேச்சு பல்லிடுக்கில் வந்தது. விசாரிக்க ஒரு போலீஸ் அதிகாரி வந்திருந்தார், மலாய்க்காரர், சின்ன வயசு, மரியாதையான ஆள். அவள் பேசுவது புரியவில்லை, நீங்கள் மொழிபெயர்க்க முடியுமா என்று என்னைக் கேட்டார். சரி என்றேன்.

யார் அடித்தது என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிருங்கக்கா."

கடிதத்தின் நகல் என் கைப்பையில்தான் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவள் சொல்ல வேண்டியதே இல்லை, நான் சொன்னால் போதும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மலாயில் சொன்னேன், வழுக்கி விழுந்தாளாம்.

அதிகாரி அவள் கையைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தால் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். சரி, மொழிபெயர்த்தவர் என்று போட வேண்டும், உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கொடுங்கள் என்று பேனாவைத் திருப்பினார்.

ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை. "என் பெயர் வேண்டாம் துவான்" என்றேன். "சேவை மைய ஊழியர் ஒருவர் என்று போட்டுக்கொள்ளுங்கள்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் கட்டில் பக்கம் திரும்பினேன். அவள் கண் திறந்திருந்தது. அந்த அளவு மலாய் அவளுக்குத் தெரியும்.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் உடையாத கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமாத்தான் இருக்கும் அக்கா" என்றாள்.